பேருக்கு உரியவள்

கொழுந்து லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எழுபத்தெட்டாம் வருடம், ஜனவரி மாதம். பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. ரிங்லெட் டவுனில் ஏறும்போது நல்ல வெயில். நாலு வளைவு தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

"ரோடு தெரியுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலை டீச்சர்," என்றார் லோரிக்கார கிரகரி, சாவகாசமாக. "ரோட்டுக்கு நம்ம லோரியைத் தெரியும் லா. பயப்படாதீங்க. டோரீன் டீச்சர், உங்களைப் பத்திரமா எறக்கி விடணும்னு மாதாகோயில் ஃபாதர் சொல்லியிருக்காரு."

"பள்ளிக்கூடம் எப்படி?"

"பழசு. வெள்ளைக்காரன் காட்டை வெட்டித் தேயிலை போட்டப்பக் கட்டின மொத மில்லு அது. ஜப்பான்காரன் போனதுக்கப்புறம் மேட்டுல புது மில்லு வந்துச்சு. இதைப் புள்ளைங்களுக்குன்னு விட்டுட்டான். முன்பாதி பள்ளிக்கூடம், பின்பாதி ஆயாக்கொட்டகை. அம்மாமாருங்க மலைக்குப் போறப்ப கைப்புள்ளைங்களை அங்கதான் விட்டுட்டுப் போவாங்க. இப்பக் கொட்டகையை மேல மாத்தியாச்சு. அந்த ரூமுதான் உங்களுக்கு."

"ஏன் மாத்தினாங்க?"

கிரகரி கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஈரம்," என்றார்.

ஈரம் இருந்தது, பொய்யில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. வருடக்கணக்காகக் கொழுந்தை வாடப்போட்ட பலகைகள் அவை. மூடுபனி இறங்கினால் அவற்றிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். பச்சை இலையின் வாசனை இல்லை, தேத்தண்ணியின் வாசனையும் இல்லை. பறித்த இலை தளர்ந்து மடங்கும்போது வருமே, அந்த வாசனை. அங்கே தினமும் மத்தியானம் மூன்று மணிக்குப் பனி இறங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாக அழிந்து, கடைசியில் மேட்டு மில்லின் இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

இருபத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள். கீழ் வகுப்புகளைப் பெரிய வாத்தியார் வீரப்பன் வைத்துக்கொண்டார். நாலு, ஐந்து, ஆறு எனக்கு. மொத்தம் பதினொரு பேர்.

முதல் நாள் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து, "உள்ளேன் டீச்சர்," என்றார்கள். ஆறாவது பெயர் நீலாவதி.

"உள்ளேன் டீச்சர்." இரண்டாம் பெஞ்சில் ஒரு மெலிந்த பெண் எழுந்து நின்றாள்.

அவள் உட்காருவதற்குள் இன்னொரு குரல் கேட்டது.

"இருக்கேன்."

மழலை விட்டுப் போகாத குரல். பின்பக்கத்திலிருந்து வந்தது. பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் என் அறை. அறையை நான் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

"யாரது விளையாடறது?" என்றேன்.

பதினொரு பேரும் மேசையையே பார்த்தார்கள். கடைசியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "எதிரொலி டீச்சர். பழைய மில்லுல்ல, அப்படித்தான் கேக்கும்," என்றான்.

"அவ சொன்னது 'உள்ளேன்'. எதிரொலி ஏன் 'இருக்கேன்'னு சொல்லுது?"

பள்ளிக்கூடத்தில் காலடி வைத்த எந்தப் பிள்ளையும் 'உள்ளேன்' என்றுதான் சொல்லும். அதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவோம். இது பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளையின் பதில். வீட்டில் அம்மா கூப்பிட்டால் சொல்கிற பதில்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். ஒரே ஒரு பெயருக்கு மட்டும்.

இடைவேளையில் மற்ற பெண்கள் அவளை, "ஏய் தெலகம், வாடி!" என்று கூப்பிட்டதைக் கேட்டேன். அவளை நிறுத்தி, "உன் பேர் நீலாவதியா, திலகமா?" என்றேன்.

"தெலகம் வீட்டுப் பேரு டீச்சர். நீலாவதி பேப்பரு பேரு."

"உனக்கு வயசு என்ன?"

"வீட்டு வயசா, பேப்பரு வயசா டீச்சர்?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேப்பரில் பன்னிரண்டு. படிப்பது நாலாம் வகுப்பு. பார்த்தால் ஒன்பதுக்கு மேல் மதிக்க முடியாது. வீரப்பனைக் கேட்டேன். "சீக்குப் புள்ளைன்னு மூணு வருசம் லேட்டாக் கொண்டாந்து சேத்தாங்க," என்றார். அதற்குமேல் அவர் கேட்டிருக்கவில்லை. தோட்டத்தில் சில விஷயங்களை யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் பெயர் கூப்பிடும் நேரத்தில், தினமும், ஜன்னலுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒருத்தி வந்து நிற்பாள். முதுகில் கூடை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. செடியைப் பார்த்தபடி நிற்பாள், கை மட்டும் கொழுந்தைத் தொடாது. ஆறாவது பெயர் முடிந்ததும் போய்விடுவாள். ஒருநாள் மேட்டிலிருந்து சின்னக்கருப்பன் கங்காணி சத்தம் போட்டது வகுப்புக்கே கேட்டது.

"ஏ ரஞ்சிதம்! அங்க என்னா வேலை ஒனக்கு? பள்ளிக்கூடத்துக் கூரையிலயா கொழுந்து மொளைச்சிருக்கு? இல்ல ஏ, பி, சி படிக்கப் போறியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். திலகம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அம்மா அது.

மார்ச்சில் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, எடுக்கிற நாள் அறிவித்தார்கள். பன்னிரண்டு வயதானவர்கள் எல்லாரும் சூராட் பெரானா, அதுதான் பிறப்புப் பத்திரம், அதோடு படமும் எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்கு வரவேண்டும். ஆபீசர் மேசை போட்டு ஒரே ஒரு நாள் உட்காருவார். அந்த நாளைத் தவறவிட்டால் மலை இறங்கி அலைய வேண்டும். அங்கே நூறு கேள்வி கேட்பார்கள்.

அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு, மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ரஞ்சிதமும் அவள் புருஷன் நல்லுசாமியும் வந்தார்கள். நல்லுசாமி மில்லில் அடுப்புக்காரர். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். உள்ளே மூன்று சின்னப் படங்கள்.

"மூணு தடவை எடுத்தாச்சு டீச்சர். சீனன் கடையிலதான். 'புடாக் இனி தாக் டூடோக் டியாம் லா'ங்கிறான். புள்ளை ஆடாம உக்காரலையாம். எம் புள்ளை கல்லு மாதிரி உக்காந்திருந்தா. பக்கத்துலயே நான் நின்னேன்."

படங்களைப் பார்த்தேன். தோள் தெளிவாக இருந்தது. சட்டைப் பொத்தான்கூடத் தெளிவு. முகம் மட்டும் கலைந்திருந்தது. இடதும் வலதுமாக இழுபட்டிருந்தது.

வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல.

"நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தீங்கன்னா, ஆபீசர் இந்தப் படத்தையே வாங்கிக்குவாரு," என்றார் நல்லுசாமி.

"முகமே இல்லாத படத்தை எப்படிங்க வாங்குவாங்க? அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீலாவதி யாரு?"

அந்தப் பெயரைச் சொன்னதும் ரஞ்சிதம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நல்லுசாமிதான் சொன்னார்.

"மூத்தவ டீச்சர். ரெண்டரை வயசுல போயிட்டா. மத்தியானம் போனா, பொழுது சாயறதுக்குள்ள தேயிலை ஓரமாப் பொதைச்சிட்டோம். ஆபீசுல சொல்லலை, போலீசுல சொல்லலை, யாருக்குத் தெரியும் அதெல்லாம். மூணு மாசங்கழிச்சு இவ பொறந்தா, தெலகம். லயத்து வீட்டுலயே பொறந்தா. பதியணும்னு ஆபீசுல கணக்கெழுதற செல்லையா கிராணிகிட்டப் போனேன். அவரு புஸ்தகத்தைப் பாத்துட்டு, 'ஏன்யா, ஒனக்குத்தான் ஒரு பொம்பளைப் புள்ளைக்குப் பேப்பரு இருக்கே. இருக்கறதை ஏன் வீணாக்கறே?'ன்னாரு."

"அதனால..."

"பேப்பரு இருந்துச்சு, புள்ளை இல்ல. புள்ளை இருந்துச்சு, பேப்பரு இல்ல. எங்களுக்கு அது சரியாத்தான் பட்டுச்சு டீச்சர்."

"இப்பவாவது போய் உண்மையைச் சொல்லலாமே."

"சொன்னா?" அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எங்க தம்பிக்கு செவப்பு ஐ.சி., பிரஜா உரிமை இல்ல. வேலைக்குப் பெர்மிட்டு இல்லைன்னுட்டாங்க. பாட்டன் ஊருக்குன்னு கப்பலேத்தி அனுப்பிட்டாங்க. இதே லயத்துல பொறந்தவன். போன எடத்துல எறங்கி, எந்தப் பக்கம் நடக்கறதுன்னுகூடத் தெரியலைன்னு எழுதியிருந்தான். அதுக்கப்புறம் கடுதாசி இல்ல. இவளுக்கு அதுகூட இல்ல டீச்சர். செவப்பும் இல்ல, நீலமும் இல்ல. எங்க புள்ளை பொறந்ததுக்கு இந்த ஒலகத்துல ஒரு துண்டுக் காயிதம் கெடையாது."

வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த வாசனை எழுந்தது.

நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெயர் கூப்பிடும்போது கேட்கிற இரண்டாவது குரலைப் பற்றிச் சொன்னேன். நல்லுசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரஞ்சிதம் பார்க்கவில்லை.

"தெரியும் டீச்சர்," என்றாள். "அதைக் கேக்கத்தானே தெனம் வந்து நிக்கிறேன்."

"என்னாடி சொல்றே?" என்றார் நல்லுசாமி.

அவள் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னாள்.

"இந்தக் கொட்டகையிலதான் விட்டுட்டுப் போவேன் டீச்சர். பலகைக்கு அந்தப் பக்கம் வாத்தியாரு பேரு கூப்பிடறது இதுகளுக்குக் கேக்கும். சாயந்தரம் வந்தா, 'ம்மா, எம் பேரு கூப்பிதலை'ம்பா. 'நீ பெரியவளானா கூப்பிடுவாங்க'ம்பேன். அவ போன அன்னிக்கு வயிறு வேற ஏழு மாசம். சீக்கிரமா எறங்கி வந்தேன். பனி. எங் கையே எனக்குத் தெரியலை. அந்தப் பள்ளத்துப் பக்கம் நின்னுக்கிட்டு, இங்கருந்தே கூப்பிட்டா ஆயா கொண்டாந்து விடுவாளேன்னு, பேரு சொல்லிக் கூப்பிட்டேன்."

நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"பனியில குரலு எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு தெரியாது டீச்சர். அவ எங்கிட்டத்தான் ஓடியாந்தா. 'இருக்கேன்'னா. எனக்கும் அது எந்தப் பக்கம்னு தெரியலை. மறுபடி கூப்பிட்டேன். 'இருக்கேன்'னா. மூணாந்தரம் கூப்பிட்டேன்."

மில்லின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"மூணாந்தரமும் 'இருக்கேன்'னுதான் சொன்னா. கீழேருந்து. ஓடைக்குள்ளருந்து."

பின்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் அந்தப் பேரை என் வாயால சொன்னதில்ல. பத்து வருசமாச்சு. பள்ளிக்கூடத்துல இவளைச் சேத்தப்பத்தான் மறுபடி அந்தப் பேரு காத்துல வந்துச்சு. அவளும் வந்துட்டா. அவளைத்தானே கூப்பிடறாங்க, வராம என்ன செய்வா? பேரு அவளோடதுதானே."

நல்லுசாமி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "அப்ப படத்துல..."

"பேரைத் தரமாட்டேங்கிறா," என்றாள் ரஞ்சிதம்.

பிறகு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், மலைக்குப் புறப்படுகிறவள் போல.

"டீச்சர், புஸ்தகத்தை எடுத்து ஒரு தடவை கூப்பிடுங்க. நாங் கூப்பிட மாட்டேன். நாங் கூப்பிட்டுத்தான் அவ போனா."

எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? பதிவேட்டைத் திறந்தேன். மணி மூன்றரை. ஜன்னல் முழுக்க வெள்ளை.

"நீலாவதி."

பலகை இடுக்குகளில் பனி நூல் நூலாக உள்ளே வந்தது.

"இருக்கேன்."

பின்சுவரிலிருந்து இல்லை. அறைக்குள்ளேயே. எங்கள் இடுப்பு உயரத்துக்கும் கீழே.

நல்லுசாமி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ரஞ்சிதம் அப்படியே தரையில் குந்தினாள். யாருடைய முகமோ தன் முகத்துக்கு நேரே இருப்பதுபோல் பார்த்தாள். அங்கே பெஞ்சின் கால் மட்டும் இருந்தது.

"கண்ணு," என்றாள் மெதுவாக. "அம்மா வந்திருக்கேன்டா."

...

"குளுருதா?"

...

"தங்கச்சிக்கு ஒரு பேப்பரு வேணும் கண்ணு. அது இல்லாட்டி அவளை அனுப்பிருவாங்க. எங்க அனுப்புவாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவளுக்குப் பயந்த சுபாவம். நீ அப்படியில்ல. ஒம் பேரைத் தங்கச்சிக்குக் குடுத்துர்றியா?"

தகரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"அப்ப எனக்கு?"

அவ்வளவுதான் கேட்டது. கோபமில்லை. பங்கு வைக்கும்போது தன் கைக்கு வராத பிள்ளை கேட்கிற கேள்வி.

ரஞ்சிதம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. இடுப்பைத் தடவினாள், மடியைத் தடவினாள். கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவள் போல. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எம் பேரை எடுத்துக்க," என்றாள்.

"ஏய்!" என்றார் நல்லுசாமி.

"நீங்க சும்மா இருங்க." திரும்பாமலே சொன்னாள். "எம் பேரு நல்ல பேரு கண்ணு. எங்கப்பன் வச்சது. பெரட்டுல தெனம் காலையில கங்காணி கூப்பிடுவாரு. ஒரு நாளும் தவறாது. மழையிலயும் கூப்பிடுவாரு. இனிமே அந்தப் பேரைக் கூப்பிட்டா ஒன்னைத்தான். நான் வாயைத் தொறக்க மாட்டேன். சத்தியம்."

பனிக்குள் முகத்தை நீட்டி, தன் பெயரைத் தானே கூப்பிட்டாள்.

"ரஞ்சிதம்."

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

"ரஞ்சிதம், கண்ணு..."

"இருக்கேன்."

அவள் சேலைக் கொசுவம் ஒரு பிடி இறுகியது. பார்த்தேன். துணியில் ஐந்து சின்ன மடிப்பு. பிறகு தளர்ந்தது.

மேட்டில் மில்லு மறுபடியும் இரைய ஆரம்பித்தது.

நாலாவது படம் சுத்தமாக விழுந்தது. சீனன் கடைக்காரர், "இப்பத்தான் நல்ல புள்ளை," என்றாராம். ஆபீசர் படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அவள் கட்டைவிரலை மையில் அழுத்தினார், முடிந்தது. நீல ஐ.சி. வந்தது. நல்லுசாமி அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

வகுப்பில் "நீலாவதி" என்றால் ஒரு குரல்தான்.

"உள்ளேன் டீச்சர்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு இருபத்துநாலு வயது, அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் பெரட்டுக் களத்துப் பக்கமாக நடந்தேன். பெரட்டு என்றால் வேலைக்குப் போகும் முன் பெயர் கூப்பிடுவது. இன்னும் விடியவில்லை. பனிக்குள் கூடைகளோடு வரிசையாகப் பெண்கள். சின்னக்கருப்பன் கங்காணி விளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொண்டே போனார்.

"அம்மாக்கண்ணு!" "இருக்கேங்க!"

"ரஞ்சிதம்!"

ரஞ்சிதம் இரண்டாம் வரிசையில் நின்றாள். விளக்கொளி அவள் முகத்தில் விழுந்தது. உதட்டை மடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்."

அவள் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"என்னாத்தா, தொண்டை கட்டிக்கிச்சா? பச்சைப்புள்ளை மாதிரிக் கொரலு!" என்றார் கங்காணி. புள்ளி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

ரஞ்சிதம் குனிந்து கீழே பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அப்ப உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூப்பிட வேணாம் டீச்சர். கிட்ட வந்து பேசுங்க."

அவள் சொன்ன சொல் தவறவில்லை. யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்ப மாட்டாள். நல்லுசாமி, "இந்தா," என்பார். மற்றவர்கள், "தெலகத்தம்மா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். தெரியாதவர்கள் திமிர் பிடித்தவள் என்றார்கள். காது செவிடு என்றும் சொன்னார்கள்.

எண்பத்து மூன்றில் அவள் மார்பில் கட்டி வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனாள். நல்லுசாமிக்கு மில்லில் லீவு இல்லை, திலகத்துக்குப் பரீட்சை. சாயந்தரம் திரும்பி வந்தவள், "டாக்டரு பாக்கலை," என்றாள். அடுத்த மாதமும் அதேதான். மூன்றாம் முறை நான் கூடப் போனேன்.

வரிசையாகப் பெஞ்சுகள். நிறையச் சனம். நர்ஸ் மிஸ்ஸி கதவைத் திறந்து, "ரஞ்சிதம்!" என்றாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அசையவில்லை.

"ரஞ்சிதம்! ரஞ்சிதம் அடா தாக்? இருக்கா, இல்லையா?"

"எந்திரிங்க," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உங்களைத்தான்!"

"என்னை இல்ல டீச்சர்."

"உசுரு விஷயம்! ஒரு தடவை எந்திரிச்சா என்ன?"

"ஒரு தடவை பொய் சொன்னேன் டீச்சர் அவகிட்ட. பெரியவளானா கூப்பிடுவாங்கன்னு." என் கையை மெதுவாக விலக்கினாள். "இன்னொரு தடவை சொல்ல முடியாது."

நானே ஓடிப்போய் மிஸ்ஸியிடம் பேசி, அவளைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "போன மாசமே வந்திருக்கலாமே," என்றார். வந்திருந்தாள். இரண்டு முறையும் நாள் முழுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டாள். கடைசி நாளில் நல்லுசாமி பொறுக்க முடியாமல், அவள் காதோரம் குனிந்து, ஐந்தாண்டுப் பழக்கத்தையும் மறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் திறந்தது. அவரைப் பார்த்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டது. அப்படியே நின்றுபோனது.

மறு வருடம் பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பழைய மில்லின் பலகைகளை யாரோ கோழிக்கூண்டுக்கு வாங்கிப்போனார்கள். என்னை தானா ராத்தா பள்ளிக்கு மாற்றினார்கள்.

எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திலகத்தைப் பார்க்க லெம்பா பெர்த்தாமுக்குப் போனேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை. புருஷன் ஆண்டியப்பன் காய்கறித் தோட்டம் வைத்திருந்தான். நல்ல பையன். சிமெண்டு வீடு, வாசலில் முட்டைக்கோஸ் நாற்று. அவன் அவளை, "நீலா, டீச்சர் வந்திருக்காங்க!" என்று கூப்பிட்டான். எல்லாருக்கும் அவள் நீலாதான். திலகம் என்று அவளைக் கூப்பிட நானும் நல்லுசாமியும்தான் மிச்சம்.

"வாங்க டீச்சர், வாங்க! பாப்பாவைப் பாக்கவே நீங்க வரலை, அஞ்சு மாசமாச்சு."

"கீழ பஸ் கிடைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுதும்மா. எங்க பாப்பா?"

நடு அறையில் கூரைச் சட்டத்தில் கொக்கி. கொக்கியில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் சாரோங் தொட்டில், மேலும் கீழுமாக மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. துணி விலகிய இடத்தில் ஒரு பாதம் தெரிந்தது.

"பொறந்த மறுநாளே சூராட் பெரானா எழுதியாச்சு டீச்சர்," என்றாள் திலகம், மேசையில் பாலைக் கலக்கிக்கொண்டே. "நானே ஆபீசுக்குப் போயிட்டேன். இவரு திட்டினாரு. எனக்குத்தான் வீட்டுக்கு ஒரு பேரு, பேப்பருக்கு ஒரு பேரு. எம் புள்ளைக்கு அப்படி இருக்கக் கூடாது. அவ பேரு அவளுக்கு மட்டுந்தான்."

"என்ன பேர் வெச்சே?"

அவள் திரும்பிப் பெருமையாகச் சிரித்தாள்.

"வேற என்னா டீச்சர்? அம்மா பேருதான்."

கையிலிருந்த பழப் பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மத்தியானத்தைப் பற்றி இவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்லுசாமி சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்திருப்பார்.

"கூப்பிட்டுப் பாருங்க டீச்சர். பேரு சொன்னாச் சிரிப்பா."

"வேணாம்மா. தூங்கட்டும்."

"தூங்கலை, கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடக்கா. நாங் கூப்பிடறேன் பாருங்க."

"திலகம், வேணாம்."

"ரஞ்சிதம்..." என்றாள் அவள், பாட்டுப்போல இழுத்து. "ஏ ரஞ்சிதம்..."

துள்ளிக்கொண்டிருந்த தொட்டில் நின்றது.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஒவ்வொரு வளையமாகப் பிரிந்தது. யாரோ ஏறி, காலை மடக்கி, இடம் பார்த்துப் படுப்பதுபோல் சாரோங்கின் அடி மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு சாண். இன்னும் நாலு விரல். சிமெண்டுத் தரையைத் தொடும் அளவுக்கு வந்து நின்றது.

உள்ளே குழந்தை சிரித்தது.

"பாத்தீங்களா? சொன்னேன்ல," என்றாள் திலகம், பாலைக் கலக்கியபடி, திரும்பிப் பார்க்காமல்.

தொட்டில் மறுபடி மேலே ஏறவில்லை.